தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்ற மிரேலா

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கடையில் ஒரு தோசை கருகியது. பாக்கியத்தின் கடையில் தோசை கருகுவது சின்ன விஷயம் இல்லை. சந்தேகம் இருந்தால் எங்கள் பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் போய் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

தப்பு என் மேல் இல்லை. பேப்பர் மேல்.

இன்சூரன்ஸ் வேலை பார்க்கும் ராஜூ தம்பிதான் அன்றைக்குப் பேப்பரை விரித்தான். கடைசிப் பக்கம்வரை போனான். திரும்ப முன்னால் வந்தான். மறுபடியும் போனான்.

“அக்கா, கதை வரலை.”

“நல்லாப் பாரு தம்பி. விளம்பரத்துக்குக் கீழே இருக்கும்.”

“இல்லக்கா. அந்த இடத்துல தலைவர் படம் போட்டிருக்கான். முழுப் பக்கம். மாலையோட.”

“மாலையைத் தூக்கிப் பாரு, அடியில இருக்கான்னு.”

“கேலி பண்ணாதீங்கக்கா. கீழே பொடி எழுத்துல போட்டிருக்கு. ‘தவிர்க்க இயலாத காரணங்களால் தொடர்கதை நிறுத்தப்படுகிறது.’”

எப்படி நிறுத்த முடியும்? போன வாரம்தான் மிரேலா கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். வெளியே பனி கொட்டுகிறது. யாரோ தட்டுகிறார்கள். கீழே ‘தொடரும்’ என்று போட்டிருந்தார்கள். ஒரு பெண்ணை அப்படி நிற்க வைத்துவிட்டு, அந்த இடத்தில் தலைவருக்கு மாலை போட்டால் அவள் என்னதான் செய்வாள்? கையை எடுப்பாளா, திறப்பாளா?

அப்போதுதான் கருகல் வாசனை வந்தது.

எழுத்தும் நானும்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் ஒரு தோசையைத் திருப்பிப் போட்டுவிடலாம். நீங்கள் படிக்கிற இந்தத் தொடரைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். நடுநடுவே “இது தேவையா அத்தை?” என்பாள். “தேவை, எழுது” என்பேன். அவள் நல்ல பெண். எழுதிவிடுவாள்.

படிக்கத் தெரியாதவள் பேப்பர் பைத்தியமானது எப்படி என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தாராம். அது கடையின் சட்டம் அம்மா. சந்துமுனையில், பழைய கடை ஒன்றின் அஞ்சடி நடைபாதையில் என் தோசைக்கல். அந்தக் காலத்தில் ஒரே கல்தான். ஆள் அதிகம். காத்திருக்கிறவர்கள் “அக்கா, என்னோடது?” “அக்கா, எனக்கு முறுகலா” என்று நச்சரிப்பார்கள். ஒரு நாள் கோபத்தில் சொன்னேன்: “தோசைக்குக் காத்திருக்கிறவங்க வாயைச் சும்மா வச்சிருக்கக் கூடாது. பேப்பரை எடுத்துச் சத்தமாப் படிங்க.”

விளையாட்டாகச் சொன்னது. அதுவே பழக்கமாகிவிட்டது. நகைக்கடை முதலாளி என்றாலும் திரிஷா வண்டி மிதிப்பவர் என்றாலும், தட்டு வரும்வரை படித்தாக வேண்டும். சிலர் நன்றாகப் படிப்பார்கள். அவர்களுக்குத் தோசை கொஞ்சம் தாமதமாகவே வரும். அதைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை.

சிவப்பு மேசை, நீல மேசை

பேப்பர் இரண்டு. ஒன்றுக்குச் சிவப்பில் தலைப்பு, மற்றதற்கு நீலத்தில். பேரைச் சொன்னால் வம்பு. நிறத்தை வைத்துத்தான் எனக்கும் அடையாளம்.

கட்சி ஒன்றுதான். கொடி ஒன்றுதான். தலைவர்கள்தான் இரண்டாகிவிட்டார்கள். ஆளுக்கொரு பேப்பர். ஒருவர் வாழைக்கன்று நட்டால் சிவப்பில் தலைப்புச் செய்தி. மற்றவர் அதே வாழைக்குத் தண்ணீர் ஊற்றினால் நீலத்தில்.

என் கடையில் இருந்த இரண்டு மேசையும் அப்படியே பிரிந்தன. சுவரோரம் சிவப்பு மேசை. அதற்கு ராமையா அண்ணன் தலைமை. துறைமுகத்தில் கிராணியாக, கணக்கு எழுதுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. ரோட்டோரம் நீல மேசை. அங்கே ராஜூ. இந்த மேசைக்காரர் அந்த மேசையில் உட்கார மாட்டார். சாம்பார் வாளி மட்டும் இரண்டுக்கும் பொது.

எது வெளிநாடு?

நீலப் பேப்பர் ஞாயிறு மலரில் ஒரு தொடர்கதை போட ஆரம்பித்தது. ஏதோ பனி விழுகிற ஐரோப்பிய நாட்டுக் கதை. பரமேஸ் டீச்சர் என்று ஒருவர் இங்கிலீஷில் படித்துத் தமிழில் எழுதினார். அப்போது அவர் எனக்கு வெறும் பேர்தான்.

இரண்டாம் வாரமே சிவப்புப் பேப்பரில் கட்டுரை வந்தது. ‘நம் எழுத்தாளர்கள் நடுத்தெருவில், அந்நியக் கதைக்கு அரியாசனமா?’ என்று. ராமையா அண்ணன் அதைப் படித்தபோது குரல் மேடைப் பேச்சுப் போல ஏறியது. நான் தோசையைச் சீக்கிரம் போட்டு அடக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் நீலம் பதில் கொடுத்தது. ‘அப்படியானால் உங்கள் மலரில் வருவது யார் கதை? தமிழ்நாட்டு எழுத்தாளர் கதைதானே? அது மட்டும் உள்நாடா?’

அவ்வளவுதான். தீ பிடித்துக்கொண்டது.

“தமிழ்நாடு வெளிநாடா?” என்று ராமையா அண்ணன் மேசையைத் தட்டினார். “தாய் வீடுலா அது!”

“அப்போ விசா எடுக்காம போய்ட்டு வாங்கண்ணே, பார்ப்போம்,” என்றான் ராஜூ.

“தாய் வீட்டுக்குப் போக விசா கேட்டா, அது தாய் வீடு இல்லைன்னு ஆயிடுமா?”

“ஏர்போர்ட்ல போய் இதைச் சொல்லுங்க. உங்களைத் தனி ரூம்ல உட்கார வச்சு தே தண்ணி குடுப்பான்.”

வாரக்கணக்கில் கடையிலும் பேப்பரிலும் இதே பேச்சு. ஒருவர் தமிழ்நாடு வெளிநாடு இல்லை, ஆனால் சிலோன் வெளிநாடு என்று எழுதினார். ஒருவர் சிங்கப்பூரை எதில் சேர்ப்பது என்று கேட்டார். எங்கள் தீவைத் தாண்டினால் எல்லாமே வெளிநாடுதான் என்று ஒரு பினாங்குக்காரர் எழுதியிருந்தார். அதை மட்டும் இரண்டு மேசையும் சேர்ந்து ரசித்தன.

எல்லாவற்றிலும் கடுமையான கடிதம் ஒன்று சிவப்பில் வந்தது. ‘நமக்குத் தமிழ் கற்றுத்தர வெளியூர்க்காரி எதற்கு?’ என்று சிலோன் வழி வந்த பரமேஸ் டீச்சரைக் குத்தி எழுதியிருந்தது. கீழே ‘உண்மைத் தமிழன்’ என்று கையெழுத்து. ராமையா அண்ணன் அந்தக் கடிதத்தைப் பேப்பரைப் பார்க்காமலே படித்தார். மனப்பாடமாக. அன்றைக்கு அவருக்குச் சட்னி வைக்கவில்லை. காரணம் கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். பக்கத்தில் ஒரு சட்டி நிறைய இருந்தது.

இத்தனை சண்டையிலும் கதைக்குள் என்ன நடக்கிறது என்று பேசினது நானும் ராஜூவும்தான்.

அவள் கதை, கொஞ்சம் என் கதை

மிரேலாவின் புருஷன் சண்டைக்குப் போனான், திரும்பவில்லை. அவளுக்கு ஒரு ரொட்டி அடுப்பும் ஒரு சின்ன வீடும் மிச்சம். அந்த வீடு தனக்கு வேண்டும் என்று கொழுந்தன் நிற்கிறான். ஊரோ இரண்டுபட்டுக் கிடக்கிறது. கோயில் மணியை யார் அடிப்பது என்று மேல்தெருவுக்கும் கீழ்த்தெருவுக்கும் தகராறு. இவள் கீழ்த்தெரு. மேல்தெருக்காரர்கள் இவள் ரொட்டியை வாங்குவதில்லை, முகம் பார்த்துப் பேசுவதில்லை.

பனி என்றால் எனக்கு மீன் பாசாரில் பெட்டியில் கொட்டுகிற ஐஸ்தான். ஆனால் கொழுந்தனைத் தெரியும்.

என் வீட்டுக்காரர் போன புதிதில், இந்தக் கடை இடத்தைக் கேட்டுக் கொழுந்தனார் வரப்போகிறார் என்று நாலு பேர் சொன்னார்கள். ஒரு மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். யார் என்று கேட்டேன். பதில் இல்லை. தோசைக்கரண்டி கையில் இருந்தது. அதோடு போய்ப் படக்கென்று திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார்.

“என்ன அண்ணி, தோசையா?” என்றார்.

உட்கார்ந்தார், சாப்பிட்டார், கை கழுவினார், போய்விட்டார். இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கரண்டியைக் காட்டியே கொழுந்தனை ஓட்டினவள் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதும் நான்தான்.

அதனால்தான் சொல்கிறேன். மிரேலா தாழ்ப்பாளில் கை வைத்த அன்றைக்கு நான் கல்லுக்கு முன்னால் நின்று “திறடீ, பயப்படாதே” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் திறந்தாளா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்குமா?

யாருக்கு அர்ச்சனை?

இரண்டு ஞாயிறு பார்த்தேன். கதை வரவில்லை. நீலப் பேப்பருக்கு ராஜூவை விட்டுப் போன் போட்டேன். தேர்தல் நேரம், அந்நியக் கதை போடுகிற பேப்பர் என்று பேர் வந்தால் தலைவருக்கு ஆகாது என்று யாரோ பயந்துவிட்டார்களாம். கதையின் முடிவு என்ன என்று கேட்டால் அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. டீச்சர் வாராவாரம்தான் எழுதிக் கொடுத்தாராம்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். தேங்காய், பழம், பூ. ஐயர் தட்டை வாங்கினார்.

“யார் பேருக்கும்மா?”

“மிரேலா.”

“புது மருமகளா?”

“தெரிஞ்ச பொண்ணு சாமி. கஷ்டத்துல நிக்குது.”

“நட்சத்திரம்?”

இதை நான் யோசிக்கவில்லை. முதல் பனி விழுந்த அன்று பிறந்தவள் என்று கதையில் வரும். அங்கே பனி டிசம்பரில் விழும் என்று ராஜூ சொல்லியிருந்தான். டிசம்பர் என்றால் மார்கழி. மார்கழி என்றால் திருவாதிரை.

“திருவாதிரைன்னு வைங்க சாமி.”

“வைக்கிறதா?” என்று ஐயர் ஒரு பார்வை பார்த்தார். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. மணியை எடுத்தார். ஆருத்ரா நட்சத்திரே, மிதுன ராசௌ, மிரேலா நாம்நீ என்று கணீரென்று சொன்னார். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பேருக்கு அந்த மந்திரம் நன்றாகவே பொருந்தியது.

விபூதியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். வரிசையில் எனக்கு அடுத்து நின்றவர், வாயைப் பிளந்தபடி, ராமையா அண்ணன்.

கண்ணும் வாயும்

அடுத்த ஞாயிறு சிவப்பில் கொட்டை எழுத்து: ‘நாவல் நாயகிக்கு அர்ச்சனை! எங்கே போகிறது நம் பண்பாடு?’ மறுநாள் நீலத்தில் அதைவிடக் கொட்டை எழுத்து: ‘எளிய பெண்மணியின் நெஞ்சில் உலக இலக்கியம்!’

எளிய பெண்மணியாம்! ராஜூவிடம் கேட்டேன், யாரைச் சொல்கிறான் என்று.

ஒரே காலையில் இரண்டு பேப்பரிலிருந்தும் ஆள் வந்தார்கள். இரண்டு பேருக்கும் தோசை உண்டு என்றேன். வரும்வரை படிக்க வேண்டுமே. சிவப்பு நிருபர் கையில் நீலப் பேப்பர், நீல நிருபர் கையில் சிவப்பு. வேண்டுமென்றேதான் கொடுத்தேன். இரண்டு பேரும் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு படித்தார்கள்.

“சொல்லுங்கம்மா, வெளிநாட்டு இலக்கியம் நமக்குத் தேவையா?” என்றார் சிவப்பு.

“நீங்க கதையைப் படிச்சீங்களா தம்பி?”

“இல்லைங்க. நான் அரசியல் செய்தி.”

“நீங்க?”

“நான் விளையாட்டுச் செய்திங்கம்மா. இன்னிக்கு ஆள் பத்தலை,” என்றார் நீலம்.

“அப்போ அவ திறந்தாளா இல்லையான்னு உங்க ரெண்டு பேருக்குமே தெரியாது?”

படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சிவப்பில் வந்த படத்தில் கண்ணை மூடியிருக்கிறேன். நீலத்தில் வாயைத் திறந்திருக்கிறேன். மருமகள் இரண்டையும் வெட்டி வைத்திருக்கிறாள். கண்ணை இதிலும் வாயை அதிலும் பார்த்துக்கொண்டால் நான் ஓரளவு லட்சணம்தான்.

கடைக்கு வந்த விருந்து

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு அம்மா வந்தார். வெள்ளைச் சேலை, கைக்குடை, தோளில் துணிப்பை. பாயான் பாருவிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். கூட்ட நேரம். இரண்டு மேசையும் நிறைந்திருந்தது.

“என்ட மிரேலாவுக்கு அர்ச்சனை செய்த மனுசி யாரெண்டு பாக்க வந்தனான்,” என்றார்.

பரமேஸ் டீச்சர்! கையைத் துடைத்துக்கொண்டு என் சொந்த நாற்காலியைப் போட்டேன். அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

“டீச்சர், முதல்ல இதைச் சொல்லுங்க. திறந்தாளா?”

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “பேப்பர்காரர் இப்ப திரும்பக் கேக்கினம். குடுக்க மாட்டன் எண்டு சொல்லிப் போட்டன். நிப்பாட்டேக்க என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை. அதைக்கூடப் பொறுக்கலாம். ஆரோ ஒருத்தர் என்னை வெளியூர்க்காரி எண்டு எழுதினார். என்ட அப்பா பிறந்ததே இந்தப் பினாங்கிலதான். அந்த ஆள் தன்ட பேரைக்கூடப் போடேல்லை.”

நான் திரும்பிச் சுவரோர மேசையைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. அங்கே ஒருவர் இட்லியை மிகவும் சிறு துண்டுகளாகப் பிட்டுக்கொண்டிருந்தார்.

“பேப்பருக்குக் குடுக்க வேணாம் டீச்சர். எனக்குப் படிச்சுக் காட்டுங்க,” என்றேன். “இங்க தோசைக்குக் காத்திருக்கிறவங்க படிக்கிறதுதான் சட்டம்.”

துணிப்பையைத் திறந்தார். கதையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்! நான் அடுப்பைத் தணித்தேன். கரண்டியை உயர்த்தி இரண்டு மேசைக்கும் சொன்னேன்: “கதை கேட்கிறவங்க பேப்பரை மடிச்சு வைங்க. மடிக்காதவங்களுக்குத் தோசை இல்லை.”

நீல மேசை உடனே மடித்தது. சிவப்பு மேசை ராமையா அண்ணனைப் பார்த்தது.

“நான் கேட்கலைலா,” என்றார் அவர். “காது திறந்திருக்கு, அவ்வளவுதான்.” பேப்பர் மட்டும் மடிந்தது.

டீச்சர் படித்தார். வெளியே பனி. மறுபடி தட்டுகிற சத்தம். மிரேலா யார் என்று கேட்கிறாள். பதில் இல்லை. ரொட்டி தள்ளுகிற நீளக் கட்டையை ஒரு கையில் எடுத்துக்கொள்கிறாள். (“அப்படித்தான்!” என்றேன்.) தாழ்ப்பாளை இழுக்கிறாள்.

வாசலில் கொழுந்தன் இல்லை. மேல்தெருப் பெண் ஒருத்தி. இவளை எதிரே கண்டால் முகத்தைத் திருப்புகிறவள். கையில் ஒரு வெறும் பாத்திரம், மேலே துணி மூடியிருக்கிறது. எங்கள் வீட்டு மாவு குளிரில் செத்துவிட்டது என்கிறாள். புளிக்க வைக்கக் கொஞ்சம் பழைய மாவு தருவாயா என்கிறாள்.

டீச்சர் தாளின் அடிக்கு வந்துவிட்டார்.

“கொழுந்தன் வரலையா?” என்றான் ராஜூ, ஏமாந்துபோய்.

“மாவா?” என்றார் ராமையா அண்ணன். “ஒரு கிண்ணம் மாவுக்கா நான் இத்தனை வாரமா எதிர்த்தேன்?”

எனக்கு மட்டும் புரிந்தது. மாவு புளிக்காத காலை என்றால் என்ன என்று இந்த ஆண்களுக்கு எங்கே தெரியும்? மழை நாளில் அடுத்த சந்துக் கடைக்காரி, என்னோடு பேசாதவள், தூக்குச் சட்டியோடு வந்து நின்றிருக்கிறாள். நானும் போய் நின்றிருக்கிறேன்.

சுவரோரத்திலிருந்து மெல்ல ஒரு குரல்.

“குடுத்தாளா டீச்சர்?”

கேட்டது ராமையா அண்ணன்.

டீச்சர் தாளைத் திருப்பினார். மிரேலா பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். வாசலில் மற்றவள் பனியில் நிற்கிறாள். பாத்திரம் நிறைய மாவோடு திரும்பி வந்து மிரேலா சொல்கிறாள்: ‘அடுத்த முறை பேரைச் சொல்லித் தட்டு.’

டீச்சர் தாளை மடித்துப் பையில் வைத்தார். அவருடைய தோசையை நான் வார்த்தேன். முறுகலாக, நெய் விட்டு.

பேரைச் சொல்லி

அடுத்த ஞாயிறு ராஜூ நீல மேசையில் உட்கார்ந்து சிவப்புப் பேப்பரைப் படித்தான். கடிதங்கள் பகுதியில் நாலே வரி. பரமேஸ் டீச்சர் பினாங்குப் பெண் என்றும், தான் முன்பு எழுதியது தவறு என்றும், அந்தக் கதையின் மிச்சத்தை எங்கே படிக்கலாம் என்று அறிய விரும்புவதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். கீழே புனைபெயர் இல்லை. ராமையா, ஓய்வுபெற்ற துறைமுகக் கிராணி, ஜார்ஜ்டவுன்.

ராமையா அண்ணன் தட்டைப் பார்த்தபடி இருந்தார். நான் சட்னியை இரண்டு கரண்டி வைத்தேன்.

“சட்னி தீரலையாம்மா இன்னிக்கு?” என்றார்.

“இல்லண்ணே. இருக்கு.”

மிச்சக் கதை எந்தப் பேப்பரில் வந்தது என்று கேட்பீர்கள். எதிலும் வரவில்லை. டீச்சர் ஞாயிறுதோறும் பஸ்ஸில் வந்தார், தோசைக்குக் காத்திருக்கும் நேரத்தில் படித்தார். மிரேலா மாவு கொடுத்தது சரியா என்று இரண்டு மேசையும் சண்டை போட்டன. கீழ்த்தெரு மாவைக் கீழ்த்தெருவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றான் நீல மேசை ராஜூ. கொடுத்ததுதான் பண்பாடு என்றார் சிவப்பு மேசை ராமையா அண்ணன்.

எனக்குத்தான் கல் முன்னால் நிற்கும்போது வேறு ஒரு யோசனை. என் கொழுந்தனார் அன்றைக்குத் தட்டினாரே, யார் என்று கேட்டும் வாய் திறக்காமல். தோசையைத்தானே கேட்டார், அதைத்தானே சாப்பிட்டார். எழுதும்போது மருமகள், “அவர் பசிச்சுத்தான் வந்தாரா அத்தை?” என்கிறாள்.

இருக்கலாம். யார் கண்டது? பேரைச் சொல்லி, பசிக்குது அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டே திறந்திருப்பேன்.